கையளவுக் கருவியும் வானளவுப் பொறுப்பும்

வீட்டிலே கட்டும் ஆகாய விமானத்திற்கு எரிபொருள் அமுக்கச் சீராக்கியைத் தெரிவு செய்வது எப்படி?

நுவரெலியாவில் பருப்பு வேக நேரமாகும் என்பதை அவ்வூர் இல்லத்தரசிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து விருந்தாக வந்த உறவினர்கள்தாம், "அடுப்பு சரியில்லையோ?" என்று கேட்பார்கள். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. குறைந்திருப்பது காற்றின் அமுக்கம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்நகரில் காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் அங்கே நீர் 100 பாகையை எட்டுவதற்கு முன்பே, சுமார் 94 பாகையில் கொதித்துவிடுகின்றது. கொதிக்கிற நீரைப் பார்த்து ஏமாந்து பருப்பை இறக்கினால் பல்லுக்குத்தான் வேலை!

இந்தச் சமையலறைச் செய்திக்கும் ஆகாய விமானத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தொடர்பு உண்டு. அதை எனக்கு நினைவூட்டியவன் என் மருமகன். ஹட்டனில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் அவன், பாடசாலை விடுமுறைக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். வீட்டுத் தோட்டத்திலே ஒருவர் விமானம் கட்டிப் பறந்த கதையை எங்கோ படித்திருந்தான். அத்தகைய விமானங்களைக் கட்டுவோர், எரிபொருள் அமுக்கச் சீராக்கி என்னும் சிறு கருவியைத் தெரிவு செய்வதற்கு வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள் என்பது மட்டும் அவனுக்கு வேடிக்கையாகப் பட்டது.

"மாமா, மூன்று பார் அமுக்கம் வேண்டுமென்றால், மூன்று பார் என்று எழுதிய ஒன்றைக் கடையில் வாங்கிப் பூட்டினால் போதாதா? இதில் ஆராய என்ன இருக்கின்றது?" என்று கேட்டான்.

"தம்பி, மூன்று பார் என்கிறாயே, எதற்கு மேல் மூன்று பார்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

வீட்டிலே பிறந்த விமானங்கள்

உலகின் முதல் விமானமே ஒரு வகையில் வீட்டுப் பட்டறையிற் பிறந்ததுதான். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி அமெரிக்காவில் பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள் இருவரும் சைக்கிள் செய்து விற்றவர்கள். அவர்களுடைய எஞ்சினில் எரிபொருட் பம்பி கிடையாது. உயரத்திற் கட்டிய சிறு கலத்திலிருந்து பெற்றோல் தன் பாரத்தினாலேயே இறங்கி வந்தது. பன்னிரண்டு விநாடி பறப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

நம் அண்டை நாட்டிலும் இத்தகைய முயற்சியாளர்கள் இருக்கின்றார்கள். நம் மலையகத்தைப் போன்றே தேயிலை மலைகளையுடைய கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாத சஜி தோமஸ் என்பவர், பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய பின் தாமாகவே கற்று ஓர் இலகு விமானத்தைக் கட்டினார். 2014இல் அது வானில் ஏறியது. அதே கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமரக்‌ஷன் என்னும் பொறியியலாளர் இங்கிலாந்தில் வாழ்பவர். 2020இல் கொரோனாத் தொற்றினால் ஊரெல்லாம் அடங்கிக் கிடந்த காலத்தில், தென்னாபிரிக்காவிலிருந்து பாகங்களாக வந்த 'ஸ்லிங்' என்னும் நான்கு ஆசன விமானத்தை அவர் பூட்டத் தொடங்கினார். 2022இல் அது பறந்தது. தம் மகளின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

நான்கு ஆசனம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆசனங்களில் அமரப்போகிறவர்கள் கட்டியவரின் மனைவியும் மக்களும். ஆதலால் ஒவ்வொரு திருகாணியையும் பூட்டும்போது, இதை நம்பி யாரை ஏற்றப் போகிறோம் என்ற எண்ணம் கட்டுபவரின் மனத்தில் எழாமல் இராது.

அந்த ரக விமானத்தில் இருப்பது ஆஸ்திரிய நாட்டு 'றொட்டக்ஸ் 915' எஞ்சின். 141 குதிரைவலு உடையது. அதில் காபுரேற்றர் இல்லை. சிறு கணினி ஒன்று கணக்கிட்டுச் சொல்லும் அளவு பெற்றோலை இன்ஜெக்டர் என்னும் நுண்குழல்கள் சீறிப் பாய்ச்சுகின்றன. மேலும் அதில் டர்போ என்னும் காற்றமுக்கி இருப்பதால், சுமார் 4,500 மீற்றர் உயரம் வரை, அதாவது நம் பிதுருதலாகலை சிகரத்தைவிட ஏறக்குறைய 2,000 மீற்றர் அதிக உயரத்திலும், அது தன் வலுவை இழப்பதில்லை.

பீலித் தண்ணீர் கற்பிக்கும் பாடம்

இன்ஜெக்டரின் வேலை மிக எளிது. கணினி திறக்கச் சொன்னால் திறக்கும். மூடச் சொன்னால் மூடும். ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே அது திறந்திருக்கும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி அறியும். ஆனால் அந்த நேரத்தில் எவ்வளவு பெற்றோல் பாயும் என்பது இன்ஜெக்டருக்குப் பின்னால் உள்ள அமுக்கத்தைப் பொறுத்தது. அமுக்கம் மாறினால் கணினியின் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். அமுக்கத்தை மாறாமற் காப்பதே சீராக்கியின் கடமை.

மூன்று பார் அமுக்கம் என்றால் எவ்வளவு? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மலையுச்சியில் தண்ணீர்த் தொட்டி இருக்கின்றது. அங்கிருந்து குழாய் இறங்கி வருகின்றது. ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்திற்கும் ஏறக்குறைய ஒரு பார் அமுக்கம் கூடும். தொட்டிக்கு 30 மீற்றர் கீழே உள்ள லயத்தின் பீலியில் குழாயை அடைத்துப் பார்த்தால் உள்ளங்கையைத் தள்ளுகின்ற விசையே மூன்று பார். மேல் லயத்தில் தண்ணீர் நூலாய் ஒழுகும்போது கீழ் லயத்தில் குழாயின் மூட்டு தெறிப்பதும் இதனாலேயே. இடைவழியில் இன்னொரு சிறு தொட்டியைக் கட்டி, தண்ணீரை அதில் விழவிட்டு, அங்கிருந்து மறுபடி இறக்கினால் கீழே உள்ளவர்களுக்கு அமுக்கம் அளவாய்க் கிடைக்கும். அந்த இடைத்தொட்டியும் ஒரு சீராக்கிதான்.

விமானத்தில் தொட்டி கட்ட இடமில்லை. அங்கே ஒரு சுருள்வில்லும் ஒரு மென்சவ்வும் அந்த வேலையைச் செய்கின்றன. பம்பியிலிருந்து வரும் பெற்றோல் சவ்வின் ஒரு பக்கத்தைத் தள்ளும். மறுபக்கத்தில் சுருள்வில் எதிர்த்துத் தள்ளும். பெற்றோலின் விசை மிகுந்தால் சவ்வு நகர்ந்து ஒரு வால்வு திறக்கும். மிகையான பெற்றோல் திரும்புகுழாய் வழியாகத் தாங்கிக்கே போய்விடும். விசை குறைந்தால் வால்வு மூடும். கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும்.

நம் சமையலறையில் பிரஷர் குக்கரின் தலைமேல் ஆடுகின்ற பாரக்கட்டி செய்வதும் இதே வேலைதான். நீராவி மிகுந்தால் கட்டி எழும், குறைந்தால் அமரும். ஆனால் அந்தக் கட்டிக்குள் ஓர் இரகசியம் இருக்கின்றது. உள்ளே இருக்கும் நீராவியை அது எதனோடு ஒப்பிட்டு அளக்கின்றது? சமையலறைக் காற்றோடு! கொழும்பில் வெளிக்காற்று ஒரு பார். கட்டி இன்னொரு பாரைத் தாங்கினால் குக்கருக்குள் மொத்தம் 2 பார். அதே குக்கரை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றே 0.81 பார்தான், ஆகவே உள்ளே மொத்தம் 1.81 பார். கட்டி மாறவில்லை, கட்டி சாய்ந்துநிற்கும் காற்று மாறிவிட்டது. குக்கரிலும் மலையில் சமையல் சற்றுத் தாமதமாவது இதனாலேயே.

"எதற்கு மேல் மூன்று பார்?" என்ற கேள்வியின் உட்பொருள் இப்போது விளங்கத் தொடங்கியிருக்கும்.

எந்தக் காற்றோடு ஒப்பிடுவது?

இன்ஜெக்டரின் பின்னால் பெற்றோல் தள்ளுகின்றது. அதன் வாய் திறப்பதோ, எஞ்சின் காற்றை உள்ளெடுக்கும் குழாய்க்குள். அந்தக் குழாயில் உள்ள காற்றும் பெற்றோலை எதிர்த்துத் தள்ளும். ஆகவே பெற்றோல் பாயும் அளவை முடிவு செய்வது இவ்விரண்டின் வித்தியாசமே. பாயும் அளவு அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும் என்பது மாணவர்கள் அறிந்த விதி.

உள்ளெடுப்புக் குழாயின் காற்றமுக்கம் நிலையாக இருப்பதில்லை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும், குழாய்க்குள் 0.4 பார் அளவுக்கு அமுக்கம் தாழ்ந்துவிடும். கதவை முழுவதும் திறந்தால் வெளிக்காற்றின் அளவுக்கு உயரும். டர்போ இருந்தாலோ 1.5 பார் வரை ஏறக்கூடும்.

சீராக்கி வெளிக்காற்றோடு மட்டும் ஒப்பிட்டு 3 பார் கொடுக்கின்றது என்று வைத்துக்கொண்டு, கடற்கரையில் நின்று கணக்குப் பார்ப்போம். பெற்றோலின் முழு அமுக்கம் 4 பார். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வித்தியாசம் 3.6 பார், தேவைக்கு மேல் ஏறக்குறைய 10 சதவீதம் பெற்றோல் பாயும். எஞ்சின் புகையும், தீப்பொறிச் செருகி கரி பிடிக்கும். அது தொல்லை மட்டுமே.

டர்போ 1.5 பார் கொடுக்கும்போது வித்தியாசம் 2.5 பாராகக் குறையும். பெற்றோல் 9 சதவீதம் குறைந்து பாயும். இனி விமானம் 3,000 மீற்றர் உயரத்திற்கு ஏறிவிட்டது என்று கொள்வோம். அங்கே வெளிக்காற்று 0.7 பார். பெற்றோலின் முழு அமுக்கம் 3.7 பார். டர்போ விடாப்பிடியாக அதே 1.5 பாரைக் கொடுக்கின்றது. வித்தியாசம் வெறும் 2.2 பார். பெற்றோல் ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு! எஞ்சினிடமிருந்து அதிக வேலை கேட்கும் வேளையில் அதன் உணவு குறைகின்றது. பெற்றோல் குறைந்த கலவை கடும் சூட்டுடன் எரியும். எரியவேண்டிய முறை தவறி வெடிக்கும். 'எஞ்சின் தட்டுகின்றது' என்று மோட்டார்ப் பட்டறைக்காரர்கள் சொல்லும் நோய் இதுவே. லொறியில் அது ஒரு சத்தம். ஆகாயத்தில் அது பிஸ்டனைத் துளைத்துவிடும் பகை.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு இந்த ஆபத்து இல்லையே என்று கேட்கலாம். ஆபத்துக் குறைவுதான், ஆனால் பிழை இருக்கின்றது. உள்ளெடுப்புக் குழாயில் 0.7 பார் என்று கணினி காண்கின்றது. கடற்கரையில் அரைவாசி திறந்த கதவும் 0.7 பார் தரலாம். 3,000 மீற்றர் உயரத்தில் முழுதாய்த் திறந்த கதவும் 0.7 பார் தரலாம். கணினிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் பெற்றோலின் வித்தியாசம் 3.3 பார், பின்னதில் 3 பார். தரையில் நின்று செம்மையாக அமைத்த கலவை மேலே போனதும் 5 சதவீதம் மாறிவிடும்.

இந்நோய்க்கு மருந்து மிக எளிது. சீராக்கியின் சுருள்வில் இருக்கும் அறையை வெளிக்காற்றுக்குத் திறந்துவிடாமல், ஒரு மெல்லிய குழாயினால் உள்ளெடுப்புக் குழாயோடு இணைத்துவிட வேண்டும். அப்போது சவ்வை அழுத்துவது எஞ்சின் சுவாசிக்கும் அதே காற்று. அது 0.4 பார் என்றால் பெற்றோல் 3.4, அது 1.5 என்றால் பெற்றோல் 4.5. வித்தியாசம் எங்கும், எப்போதும் 3 பார். விலையைப் பார்ப்பதற்கு முன், நிறத்தைப் பார்ப்பதற்கு முன், இந்தக் குழாய்க்குரிய முனை அந்தச் சீராக்கியில் இருக்கின்றதா என்று பார்ப்பதே தெரிவின் முதற்படி.

தெரிவு செய்யும் முறை

முதலில் எஞ்சின் எந்த வகை என்று அறிய வேண்டும். காபுரேற்றர் உள்ள சிறு எஞ்சினுக்கு வேண்டியது 0.15 முதல் 0.4 பார் வரையே. அதற்குரிய சீராக்கி கணினி எஞ்சினுக்கு உதவாது. 'லைகோமிங்' போன்ற பழைய விமான எஞ்சின்கள் பலவற்றில் கணினியில்லாத இயந்திர முறை உட்பாய்ச்சல் இருக்கின்றது. அங்கே அளக்கும் வேலையை அந்த இயந்திரமே தன் சவ்வுகளால் செய்துகொள்ளும். பம்பி 1 முதல் 3 பாருக்குள் கொடுத்தால் அதற்குப் போதும். அதில் இன்னொரு சீராக்கியைச் செருகுவது தேவையற்றது. எஞ்சின் செய்த நிறுவனமே சீராக்கியையும் பொருத்தித் தந்திருந்தால், அதை மாற்றாமல் விடுவதே அறிவுடைமை. பழைய எஞ்சினுக்குப் புதிதாகக் கணினி முறை பொருத்துவோருக்கும், மோட்டார்க் கார் எஞ்சினை விமானத்திற்கு மாற்றுவோருக்குமே உண்மையான தெரிவுப் பொறுப்பு வருகின்றது.

இரண்டாவது, சீராக்கியின் வழி எவ்வளவு அகலம்? 180 குதிரைவலு எஞ்சின் ஒன்று முழு வலுவில் மணிக்குச் சுமார் 60 லீற்றர் குடிக்கும். பம்பி மணிக்கு 150 லீற்றர் தள்ளுகின்றது என்று வைத்துக்கொள்வோம். மீதி 90 லீற்றர் சீராக்கி வழியாகத் திரும்ப வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஐந்தாறு லீற்றர்தான் செலவு. ஏறக்குறைய 145 லீற்றரும் திரும்பும். பாதுகாப்பிற்காக விமானங்களில் இரண்டு பம்பிகள் வைப்பார்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் இரண்டையும் ஓடவிடுவோர் உண்டு. அப்போது 300 லீற்றருக்கு அண்மையான பாய்ச்சல் ஒரு சிறு துவாரத்தில் வந்து முட்டும். வழி ஒடுங்கியதாயின், சுருள்வில் என்ன முயன்றாலும் அமுக்கம் ஏறியே தீரும். மழைக்காலத்தில் கானு சிறுத்தால் வெள்ளம் தேயிலை மலையைக் கரைப்பதில்லையா? அதுபோலத்தான். ஆகவே இரண்டு பம்பிகளும் ஓடும்போது சீராக்கி தாங்குமா என்று கேட்டு வாங்குக.

மூன்றாவது, திரும்புகுழாய். பெற்றோல் எந்தத் தாங்கியிலிருந்து வந்ததோ அதே தாங்கிக்குத் திரும்ப வேண்டும். இடப்பக்கத் தாங்கியிலிருந்து எடுத்து, நிறைந்திருக்கும் வலப்பக்கத் தாங்கிக்கு அனுப்பினால், அது காற்றுத்துளை வழியாக வெளியே வழிந்துவிடும். மணிக்கு 115 லீற்றர் திரும்பும் விமானம் அரைமணி நேரத்தில் 57 லீற்றரை ஆகாயத்தில் இறைத்துவிடும். விமானியோ தாங்கி வற்றும்வரை அறியமாட்டார். எடுக்கும் வழியையும் திரும்பும் வழியையும் ஒன்றாகவே மாற்றும் இரட்டைத் திருப்பி இதற்கென்றே உண்டு.

திரும்பும் பெற்றோலால் இன்னொரு நன்மையும் இருக்கின்றது. உயரே நீர் விரைவிற் கொதிப்பதுபோல் பெற்றோலும் விரைவில் ஆவியாகும். குழாய்க்குள் குமிழி சேர்ந்தால் பம்பி வெறுங்காற்றை மெல்லும், எஞ்சின் நிற்கும். ஓயாது ஓடித் திரும்பும் பெற்றோல், சூட்டையும் குமிழியையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகையால் இன்ஜெக்டர்கள் அனைத்தையும் கடந்த பின், வரிசையின் இறுதியில் சீராக்கியை வைப்பது நன்று. பம்பியைத் தாங்கிக்கு அருகே, தாழ்வான இடத்தில் வைக்க வேண்டும். உறிஞ்சும் பம்பியில் குமிழி பிறக்கும். தள்ளும் பம்பியில் பிறப்பது அரிது.

நான்காவது, சவ்வின் பொருள். இன்றைய பெற்றோலில் பல நாடுகள் மதுசாரத்தைக் கலக்கின்றன. இந்தியாவில் 2025இல் இக்கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. சாதாரண றப்பர் மதுசாரத்தில் ஊறி வீங்கும், பின் வெடிக்கும். அதைத் தாங்கக்கூடிய 'வைட்டன்' போன்ற றப்பராற் செய்த சவ்வும் வளையங்களும் உள்ளதையே நாட வேண்டும்.

ஐந்தாவது, திருகித் திருத்தக்கூடியதா, நிலையானதா? திருகாணியுள்ளது வசதியானதாகத் தோன்றும். ஆனால் திருகக்கூடியது எதுவும் அதிர்வில் தானே திருகிக்கொள்ளவும் கூடும். தொழிற்சாலையிலே அமுக்கம் நிலைநிறுத்தப்பட்ட சீராக்கியே விமானத்திற்கு அமைதி தரும். திருகாணியுள்ளதை வாங்கினால், அளவை அமைத்தபின் பூட்டுச்சுரையை இறுக்கி, கம்பியாற் கட்டிவிடுதல் நலம்.

பம்பிகள் இரண்டு, சீராக்கி ஒன்று

இங்கே நாம் அஞ்சவேண்டிய இடத்திற்கு வந்துவிட்டோம். பம்பி பழுதானால் மறு பம்பி உண்டு. கணினிக்கும் மாற்றுக் கணினி வைப்பார்கள். பெரும்பாலான விமானங்களில் சீராக்கி மட்டும் ஒன்றே. வால்வு திறந்தபடி சிக்கினால் அமுக்கம் வீழ்ந்து எஞ்சின் ஓயும். மூடியபடி சிக்கினால் அமுக்கம் ஏறி எஞ்சின் பெற்றோலில் மூழ்கும். சவ்வு கிழிந்தாலோ, காற்றை ஒப்பிடுவதற்காக இட்ட அதே மெல்லிய குழாய் வழியாகப் பச்சைப் பெற்றோல் எஞ்சினுக்குள் போகும். அதனால்தான் அக்குழாயின் முனையில் ஊசித்துளை போன்ற ஒரு தடையை வைப்பார்கள். காற்றின் செய்தி அதன் வழியே போகும். பெற்றோலின் வெள்ளம் போகாது.

மலையகத்தின் மேலாகப் பறக்கும் ஒரு விமானத்தை எண்ணிப் பாருங்கள். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் எஞ்சின் நின்றால் இறங்குவதற்குச் சமவெளி எங்கே? காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் இறங்கியதுண்டு. சக்கர விமானத்திற்கு அந்த வசதியும் இல்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த பெரும் விமானமொன்று நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 உயிர்களைப் பலிகொண்டதை நம் முதியோர் மறக்கவில்லை. அதன் காரணம் வேறு; விமானம் இருக்குமிடத்தைத் தவறாக மதித்ததால் நேர்ந்தது அது. ஆயினும் மலைகள் பிழையை மன்னிப்பதில்லை என்ற பாடம் ஒன்றே.

ஆகவே வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. தரையில் நிறுத்தியே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கின்றது. எஞ்சினை ஓட்டாமல் பம்பியை மட்டும் ஓட்டுக. வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் அமுக்கமானி 3 பார் காட்ட வேண்டும். பின்னர் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடுக. முள் இறங்க வேண்டும். கடற்கரையில் ஏறக்குறைய 2.4, நுவரெலியாவில் 2.6. முள் அசையாமல் 3இலேயே நின்றால், "ஆகா, எவ்வளவு உறுதி!" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. காற்றை ஒப்பிடும் மெல்லிய குழாய் கழன்றிருக்கின்றது, அல்லது அடைபட்டிருக்கின்றது என்பதே அதன் பொருள். அடுத்ததாக எஞ்சினை நிறுத்தி அந்தக் குழாயைக் கழற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். பெற்றோல் மணத்தால் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தச் சீராக்கியை எறிந்துவிடுக. இறுதியாக இரண்டு பம்பிகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் ஏறினால் வழி ஒடுக்கம்.

இச்சோதனைகளை ஒருவர் தாமே செய்தால் மட்டும் போதாது. பிரித்தானியாவில் வீட்டில் கட்டும் விமானங்களை இலகு விமானச் சங்கத்தின் பரிசோதகர்கள் படிப்படியாகப் பார்வையிடுகின்றார்கள். எந்த நாட்டிலும் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதியின்றிப் பறப்பது சட்டத்திற்கும் அறிவிற்கும் மாறானது. தம் கண்ணுக்குத் தப்பியது பிறர் கண்ணுக்குப் படும் என்று ஒப்புக்கொள்வதும் பொறியியலின் ஒரு பகுதிதான்.

ஒரு பெண்ணின் பித்தளைத் தட்டு

சிறு கருவி என்று இகழ்வோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், ஆங்கிலேயரின் 'மெர்லின்' எஞ்சின் பூட்டிய போர்விமானங்கள் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால், காபுரேற்றரில் பெற்றோல் பெருகி எஞ்சின் மூச்சுத் திணறும். ஜேர்மனியரின் எஞ்சினில் பெற்றோல் நேரடியாக உட்பாய்ச்சப்பட்டதால் அவர்களுக்கு அந்தக் குறை இல்லை. 1941இல் பீயற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர், துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டை எரிபொருள் வழியில் வைத்தார். எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அதன் வழியாகப் பாயும். மூச்சுத் திணறல் பெருமளவு நின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்த 'ஹரிக்கேன்' விமானங்களில் இருந்ததும் மெர்லின் எஞ்சின்தான். பல டன் எடையுள்ள விமானம் செய்யமுடியாததை விரல்நுனி அளவான ஒரு துளை செய்தது. அத்துளையின் அளவு அந்த அம்மையாரின் கணக்கிலிருந்து பிறந்தது.

விடுமுறை முடிந்து என் மருமகன் ஹட்டனுக்குப் புறப்பட்ட அன்று, மதியச் சோற்றுக்காக அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. கட்டி எழுந்து சீறியது.

"மாமா, இந்தக் குக்கர் விமானத்தில் பறந்தால் இன்னும் தாமதமாகத்தான் பருப்பு வேகும், இல்லையா?" என்றான் அவன்.

"ஏன்?" என்றேன்.

"அது வெளிக்காற்றையல்லவா கேட்டுக்கொண்டிருக்கின்றது!" என்றான்.

எனக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எந்த எண்ணைக் கண்டாலும், இது எதற்கு மேல், எதனோடு ஒப்பிட்டு என்று கேட்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. பீலியடியில் நிற்கும் நம் பிள்ளைகள் அந்தக் கேள்வியோடு வளர்வார்களாயின், நாளை அவர்கள் பூட்டும் எஞ்சினை நம்பி மற்றவர்கள் ஆகாயத்தில் ஏறலாம்.